வலப்பக்கத்தில் இருந்த பிரேக்

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு வண்டிகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தார் சபீனோ. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். காரணங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. லியோகாதியாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒன்றிலாவது அவர் தப்பாகச் சொல்லியிருந்தால், மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று வேறு ஆளைப் பார்த்திருப்பாள்.

மலைமேல் இருக்கும் எல் ஆல்டோ ஊர்ச் சந்தையில் பழைய வண்டி வாங்க வருகிறவர்கள், தங்களுக்காக வண்டியைச் சோதித்துச் சொல்லும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தெட்டு. இடக்கைக்காரர். ஒல்லியான உடம்பில் இரண்டு ஸ்வெட்டர். ஊதாச் சோளக்கஞ்சி விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஞாயிறும் வியாழனும் விடியும் முன்பே வந்து நிற்பார். பள்ளிக்கூடம் ஐந்து வருடம். மெக்கானிக் வேலையை அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. சுரங்கம் மூடிய வருடம் ஊரைவிட்டு வந்து, ஒரு பட்டறையில் தரை கூட்டி, கூட்டிய இடத்தில் கிடந்த உடைந்த சாமான்களை எடுத்துப் பார்த்து, எது எதனால் உடைந்தது என்று தானாகவே தெரிந்துகொண்டவர். மனைவி காசில்டா துணி தைக்கப் பிரேசிலுக்குப் போனாள். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவள் பன்னிரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறாள். அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

அவருடைய சாமான்கள் ஒரு துணிப்பைக்குள் அடங்கும். பழைய காலுறையில் சுற்றிய காந்தம் ஒன்று. சைக்கிள் கம்பியின் நுனியில் ஒட்டிய சின்னக் கண்ணாடி. ஒரு டார்ச், ஒரு பல்துலக்கும் பிரஷ். வண்டியைப் பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார், அதை யாருக்காகவும் மாற்றமாட்டார். முதலில் பானெட்டின் மேல் உறைபனி இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த ஊரில் விடியற்காலையில் வெளியே நிற்கும் எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். பானெட்டில் மட்டும் இல்லையென்றால், நாம் வருமுன் ஒருமுறை இன்ஜினைச் சூடாக்கிவிட்டான் என்று அர்த்தம். சூடான இன்ஜின் எந்தப் பொய்யையும் சொல்லும். அப்படிப்பட்ட வண்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அடுத்தது முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள மழைநீர்ச் சல்லடை. தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் திருவிழாவில், செவ்வாயன்று, வண்டிக்குப் பீர் தெளித்து வண்ணக் காகிதத் துணுக்கு தூவாத ஆள் அந்த ஊரில் இல்லை. அந்தத் துணுக்கெல்லாம் சல்லடைக்குள் இறங்கி, பீரிலும் மழையிலும் ஊறிக் களியாகிவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் வண்டிக்குள் இறங்கி, விரிப்புக்கு அடியில் தரைத் தகட்டை அரிக்கும். ஆசீர்வாதமே வண்டியைத் தின்னும். சபீனோ பிரஷ்ஷால் அந்தக் களியைக் கிளறி அடுக்கு எண்ணுவார். "போன வருஷம்தாங்க துறைமுகத்துலேருந்து வந்துச்சு" என்று விற்கிறவன் சொல்லும்போது, "அப்ப ஒரே வருஷத்துல ஆறு கார்னிவலா?" என்று கேட்பார்.

பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால், யாரும் கழுவ நினைக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக்கோடு இருக்கும். காந்தத்தைக் கதவின் மேல் நகர்த்துவார். அது பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, மேலே பூசிய பட்டி மாவுதான் இருக்கிறது. கியர் எண்ணெயை முகர்ந்து பார்ப்பார், இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார், காதருகே கொண்டுபோய்க்கூடத் தேய்ப்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதில் இரும்புப்பொடி இருந்தால் நறநறக்கும்.

பதினொன்றும் இப்படித்தான் போயின. சிவப்பு வண்டி வெள்ளத்தில் மிதந்தது. பச்சை வண்டியின் சேஸ் எண்ணை யாரோ திருத்தி அடித்திருந்தார்கள். கறுப்பு வண்டி அழகாக இருந்தது. அது இரண்டு வண்டிகளின் பாதிகளை ஒட்டியது.

லியோகாதியாவுக்கு நேரம் இல்லை. சபீனோவோடு ஒரே சுரங்க முகாமில் வளர்ந்த நிக்கானோரின் விதவை அவள். பேருந்து நிலையத்தில் உருளைக்கிழங்குச் சூப் விற்று, கீழே பள்ளத்தாக்கில் இருந்த அரைத்துண்டு நிலத்தையும் விற்று, ஒரு வண்டி வாங்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டாள். நல்ல வண்டி வாங்கும் அளவுக்கு இல்லை. மகன் ரோமுலோ இருபத்தொன்பது வயது வரை அடுத்தவன் வேனையே ஓட்டிக்கொண்டிருந்தான். இருபானா ஊருக்கு ஆள் ஏற்றும் தடத்துச் சங்கத்தில் ஓர் உறுப்பினர் இறந்து, இடம் ஒன்று காலியானது. சங்கத்தில் இடம் என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை வருவது. ஏழு பேர் ஏறும் சொந்த வண்டியோடு கூட்டத்துக்கு வர வேண்டும், காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும், மறுநாளே தடத்தில் ஓட வேண்டும். ஒருமுறை தவணை கேட்டு வாங்கியாயிற்று. இனி திங்கள் காலை பத்து மணிதான். அதற்குமேல் அந்த இடம் பட்டியலில் அடுத்தவனுக்கு.

அந்தத் தடம் பனி மூடிய கணவாயைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் போய் விழுவது. மூன்றரை மணி நேரத்தில் பாதிக்குமேல் இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

ஏழாவது ஞாயிறு அவர்கள் மூவரும் சந்தைக்கு வந்தபோது பன்னிரண்டாவது வண்டி ஓர் ஓரமாக, வரிசையைவிட்டு விலகி நின்றது. வெள்ளி நிறம். ஏழு பேர் ஏறும் பழைய எஸ்யூவி. பானெட்டின் மேல் பனி கலையாமல் இருந்தது. விற்பவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் பௌலினா. ஒருரோ என்ற ஊரிலிருந்து வந்தவள்.

"யாரும் ஸ்டார்ட் பண்ணலையாம்மா?" என்றார் சபீனோ.

"எனக்கு ஓட்டவே தெரியாது. எங்க கொழுந்தன் நேத்து சாயங்காலம் கொண்டாந்து நிறுத்துனான், சாவியக் குடுத்துட்டுப் போயிட்டான். என் வீட்டுக்காரர் வண்டி. செத்து எட்டு மாசம் ஆச்சு."

சபீனோ தலையாட்டினார். செத்துப்போன கணவர்களின் வண்டிகள் அந்தச் சந்தையில் நிறைய உண்டு. அவற்றில் பாதிக் கணவர்கள் பக்கத்துச் சந்தில் நின்று பீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். பிரஷ்ஷை எடுத்துச் சல்லடைக்குள் விட்டார். ஒன்றும் தடுக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் போகும் துளை சுத்தமாக இருந்தது.

"இத யாரு சுத்தம் பண்ணுனது?"

"அவருதான். ஒவ்வொரு கார்னிவலுக்கும் மறுநாள் ஒரு கம்பிய வச்சிக்கிட்டு உக்காந்துருவாரு. சாமிக்குப் போட்டத நோண்டாதய்யான்னு நான் திட்டுவேன். சாமி வாங்கிட்டுப் போனப்புறம் மிச்சம் குப்பைதான்டி, அப்படிம்பாரு."

சபீனோவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். காந்தம் எங்கும் வழுக்கவில்லை. பெல்ட்டில் கோடு இல்லை. கியர் எண்ணெய் கறுத்திருந்தது, ஆனால் கருகவில்லை, நறநறக்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீரில் துரு இல்லை. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இரண்டாவது சுற்றில் பிடித்தது. பின்குழாயில் முதலில் வெள்ளையாக ஆவி வந்து நின்றுபோனது. நீலம் வரவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் கிடந்தார்.

பௌலினா லியோகாதியாவிடம் சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட எங்க வீட்டுக்காரர் இவ்வளவு பாக்கலம்மா."

"இவரு விட்டுருந்தா உன் பல்லையும் எண்ணியிருப்பாரு," என்றாள் லியோகாதியா. ஆறு வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடியிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்பது அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது. மற்ற வண்டிகளில் இந்நேரம் அவர் முனக ஆரம்பித்திருப்பார்.

சபீனோ எழுந்து முன்கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரைப் போட்டார். வைப்பர் வலப்பக்கத்தை நன்றாகத் துடைத்தது. இடப்பக்க ஓரத்தில், ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேராக, ஒரு முக்கோணம் துடைபடாமல் நின்றது. இது வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டச் செய்த ஜப்பான் வண்டி. இங்கே வந்ததும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. அந்த விலைக்கு வேறு வண்டி கிடையாது. எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களில் சபீனோவும் ஒருவர். ஒருரோ போகும் சாலையில், தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டகையில், ஒன்பது வருடம் அவர் அந்த வேலையைத்தான் செய்தார். துறைமுகத்திலிருந்து வரிசையாக வண்டிகள் வரும். டேஷ்போர்டைக் கழற்றி வெட்டி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொண்டுவந்து, பெடல்களை இந்தப் பக்கம் பொருத்தி, மறுபடி மூடிவிடுவார்கள். மூடியபிறகு புதுசு போல இருக்கும். லியோகாதியா வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள். நிக்கானோர் குடித்திருக்கும்போது, "என் மகனுக்கு ஞானஸ்நானத்துல தலையப் புடிச்சவன் யார் தெரியுமா? ஜப்பான்காரன் தப்பா வச்சத சரியா வச்சவன்!" என்று கத்துவான்.

சபீனோ முன்னால் வலப்பக்க சீட்டுக்குக் கீழே மண்டியிட்டு விரிப்பைத் தூக்கினார். பழைய பிரேக் பெடலின் தண்டு, ரம்பத்தால் அறுத்த மொட்டையாக, அங்கே இருந்தது. கம்பிக் கண்ணாடியை டேஷ்போர்டின் அடிவழியாக உள்ளே விட்டு டார்ச்சை அடித்தார். இடப்பக்கப் பெடலிலிருந்து வலப்பக்கத்துப் பிரேக் சிலிண்டருக்குப் போகும் குறுக்குக் கம்பி தெரிந்தது. நடுவில் ஒரு வெல்டிங். மீன் செதில் போலச் சீரான வரிகள். ஆனால் வரிகள் எல்லாரும் இழுக்கும் பக்கத்துக்கு எதிராக ஓடின. முடிவில், கம்பியின் மேல், உளியால் அடித்த மூன்று புள்ளிகள்.

அவர் கண்ணாடியை வெளியே எடுத்து ஸ்வெட்டரில் துடைத்து மறுபடி உள்ளே விட்டார். மூன்று புள்ளிகள் அங்கேயே இருந்தன.

"என்ன ஞானப்பா?" என்றான் ரோமுலோ. "என்ன தெரியுது?"

அவர் எழுந்திருக்க நேரம் பிடித்தது.

"வேணாம்டா," என்றார்.

லியோகாதியா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அண்ணே, உங்க வாயில வேற சொல்லே வராதா? தண்ணியில முழுகல, ஒட்டுப் போடல, புகை வரல. இப்ப என்ன? இதோட ஜாதகம் சரியில்லையா?"

"வண்டி நல்ல வண்டி. வச்சிருந்தவரு தங்கமா வச்சிருந்திருக்காரு."

"அப்புறம்?"

"உள்ள பிரேக்குக்குப் போற கம்பியில ஒரு வெல்டிங் இருக்கு." சபீனோ பௌலினாவையும் பார்த்தார், ரோமுலோவையும் பார்த்தார். "அது என்னுது."

பக்கத்தில் யாரோ ஹாரனை அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுதா?" என்றாள் லியோகாதியா.

"மூணு புள்ளி என் அடையாளம். ஆளாளுக்கு ஒண்ணு இருக்கும்."

லியோகாதியா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டேய் ரோமுலோ, கேட்டியாடா? ஏழு வாரமா நாயா அலையிறோம். கடைசியில வந்து நிக்கிறது உன் ஞானப்பா கையால செஞ்ச வண்டி! இத உங்கப்பன்தான்டா அனுப்பியிருக்கான்."

"லியோகாதியா, நான் சொல்றதக் கேளு..."

"இத முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணே? நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு!"

சபீனோவுக்குத் தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவர் ரோமுலோவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, எதையும் விடாமல் சொன்னார். கொட்டகையில் குறுக்குக் கம்பி முழுசாகக் கிடைக்காது. முதலாளி வாங்கித் தரமாட்டார். கட்டடம் கட்டுகிற முறுக்குக் கம்பியை வெட்டி, வண்டியின் பழைய தண்டோடு சேர்த்து ஒட்டுவார்கள். அந்தக் கம்பி வெல்டிங்குக்கு ஏற்றதில்லை. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைத் தெரிந்தேதான் செய்தார்கள். அவரும் தெரிந்தேதான் செய்தார். ஒரு நாளைக்கு மூன்று வண்டி முடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக்கூட நேரம் இருக்காது. மேலே செதில் செதிலாக அழகாக இழுத்துவிடுவார். அழகு அவர் கைப்பழக்கம்; அதைப் பார்த்துத்தான் முதலாளி அவரை வைத்திருந்தார்.

ரோமுலோ முழுவதையும் மரியாதையாகக் கேட்டான். பிறகு, "எத்தன வருஷமாச்சு ஞானப்பா?" என்றான்.

"பதினாறு."

"பதினாறு வருஷமா புடிச்சிருக்குல்ல?"

"ஒருரோவுல. அது சமதரைடா, அங்க பிரேக்க தொடுவாங்க. நீ இறக்கத்துல அது மேல ஏறி நிப்ப."

"புடிச்சிருக்கா இல்லையா?"

"புடிச்சிருக்கு."

"உடையும்னு உங்களால சொல்ல முடியுமா?"

சபீனோவால் முடியாது. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சேஸ் எண் திருத்தியது என்றோ, கியர் போய்விட்டது என்றோ ஒரு வார்த்தை போதும். அவர்கள் அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள். அந்த வார்த்தை அவர் நாக்குவரை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பௌலினாவைப் பார்த்தார். சந்தையிலேயே அவள் ஒருத்திதான் எதையும் மறைக்காமல் விற்க வந்தவள்.

"தெரியாது," என்றார். "நாளைக்கே உடையலாம். உடையாமலே போகலாம்."

"எந்த வண்டியும் அப்படித்தானே," என்றான் ரோமுலோ.

பௌலினா எழுந்து வந்தாள். "ஐயா, நான் எதையும் மறைக்கல."

"நீங்க மறைக்கலம்மா. மறைச்சவன் நான்."

"ஒரு வாரம் குடுங்க," என்று லியோகாதியாவிடம் கேட்டார் சபீனோ. "டேஷ்போர்ட கழட்டி, முழுக் கம்பியாக் கடைஞ்சு போட்டுத் தரேன். கூலி வேணாம்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம் அண்ணே. செவ்வாக்கிழமை வண்டி தடத்துல ஓடணும். ஒரு வாரம்னா இடத்த அடுத்தவன் வாங்கிட்டுப் போயிடுவான். அதுக்கப்புறம் வண்டி எதுக்கு, நான் கோழி வளக்கவா?" அவள் குரல் தணிந்தது. "கார்னிவல் முடிஞ்சதும் ஆள் குறையும். அப்ப விடுறோம். ஒரு வாரம் என்ன, ரெண்டு வாரம் வச்சிக்கங்க."

கார்னிவலுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

பணம் கைமாறியது. ரோமுலோ நான்கு பாட்டில் பீரும் காகிதச் சுருளும் துணுக்கும் வாங்கி வந்தான். வண்டிக்குப் பீர் தெளிக்க ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து நேராகச் சபீனோ கையில் கொடுத்தார்கள். அந்த ஊரில் அதை மறுக்கக்கூடாது. மறுத்தால் வண்டியைச் சபித்ததாகும். ரோமுலோ அந்தச் சாபத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டுதான் வளைவுகளில் திரும்ப வேண்டியிருக்கும். சபீனோ தொப்பியைக் கழற்றினார். முதலில் பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றினார். பிறகு நான்கு சக்கரத்துக்கும், பிறகு பானெட்டுக்கும். லியோகாதியா துணுக்கை அள்ளித் தூவ வந்தபோது, அவர் சட்டென்று தொப்பியைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சல்லடையின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். தூவி முடியும்வரை எடுக்கவில்லை.

"பாருங்களேன், எப்படிக் கட்டிப் புடிச்சிருக்காருன்னு!" என்றாள் லியோகாதியா. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அன்று மதியம் லியோகாதியாவின் முற்றத்தில் வண்டியின் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மறுபடி முயன்றார். மேலே ஒரு பட்டை வைத்து இன்னொரு வெல்டிங் இழுத்தால் கொஞ்சம் தாங்கும். டேஷ்போர்டைக் கழற்றாமல் கை அங்கே எட்டவில்லை. எட்டினாலும் பக்கத்தில் ஓடும் ஒயர் கற்றை பற்றிக்கொள்ளும். அதைக் கழற்ற ஆரம்பித்தால் காலை பத்து மணிக்குள் மூட முடியாது. கம்பியின் மேல் விரலால் மட்டும் தடவிப் பார்த்தார். வழவழப்பாக இருந்தது. நல்ல வேலைதான் என்று கை சொன்னது. அந்தக் கை அன்றைக்கும் அப்படித்தான் சொன்னது. அந்த ஒன்பது வருடத்தில் மூன்று புள்ளி வைத்த கம்பிகள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆயிரத்தைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை சங்கத்தில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். மேஸ்திரி சபீனோ ஏழு வாரம் தேடிப் பொறுக்கிய வண்டி, அதுவும் அவர் கை பட்ட வண்டி என்று லியோகாதியா சொல்லிவிட்டாள். அதற்குமேல் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை தூக்கி ரோமுலோவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

செவ்வாய் காலை முதல் பயணம். முதல் பயணத்தில் வண்டியின் ஞானத்தகப்பன் முன்னால் உட்கார்ந்து போவது வழக்கம். சபீனோ தனியாக ஏழு முறை பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கத்து முன்சீட்டில் ஏறினார். சீட்டுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டுக்கொண்டார். பிரேக் பிடிக்காமல் வண்டி உருண்டால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க.

"கட்டை எதுக்கு ஞானப்பா? அடுப்பெரிக்கவா?" என்றான் ரோமுலோ.

"இருக்கட்டும். கியர்லயே எறக்கு. ரெண்டாவதுல போடு. பிரேக்க அழுத்தி வைக்காத, விட்டு விட்டுப் புடி."

"சரி."

புறப்படும் நேரத்தில் சங்கத்து ஓட்டுநர் ஒருவர் ஜன்னலைத் தட்டினார். "மேஸ்திரி, எங்க தம்பியும் ஒரு வண்டி தேடுறான். மூணு புள்ளி வண்டி ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்க. வேற வேணாம், அதுதான் வேணும்கிறான்."

"மூணு புள்ளி வண்டிய மட்டும் வாங்க வேணாம்னு சொல்லுங்க," என்றார் சபீனோ.

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். "விலை ஏறிடும்னு சொல்றீங்களா?"

வண்டி கணவாயைத் தாண்டியது. பின்னால் ஐந்து பேர். ஒரு வாத்தியார், மருத்துவமனைக்கு வந்து திரும்பும் ஒரு கணவன் மனைவி, கோழிக்குஞ்சுப் பெட்டியோடு ஒருத்தி, கணவாயைத் தாண்டும் முன்பே தூங்கிவிட்ட ஒரு கிழவர். மூடுபனி கீழேயிருந்து ஏறிவந்தது. ரோமுலோ இரண்டாவது கியரில் போட்டான். ஒரு வளைவு. அவன் மிதித்தபோது டேஷ்போர்டுக்குள் எங்கோ கம்பி நகரும் சத்தத்தைச் சபீனோ கேட்டார். மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. வண்டி தணிந்தது. அடுத்த வளைவு. எதிரே லாரி, ரோமுலோ பிரேக்கின் மேல் ஏறி நின்றான். வண்டி நின்றது. லாரி போனது. மறுபடி இறக்கம். பத்து வளைவு போனதும் ரோமுலோ மூன்றாவது கியருக்குப் போனான். சபீனோ அவனைப் பார்த்தார். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞானப்பா," என்றான் சற்று நேரம் கழித்து. "தரைய ஓட்டை போட்டுடாதீங்க."

பின்னால் சிரித்தார்கள். சபீனோ குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் விரிப்பின் மேல், பழைய பெடலை அறுத்த மொட்டை இருந்த இடத்தில், முழுப்பலத்தோடு ஊன்றி நின்றது. அவரும் சிரித்தார். காலை எடுக்கப் பார்த்தார், அது வரவில்லை.

இருபானாவில் சதுக்கத்தின் ஓரமாக வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். கோழிக்குஞ்சு வைத்திருந்தவள் ரோமுலோவிடம், வெள்ளிக்கிழமை திரும்புவேன், எனக்கு முன்சீட்டு வை என்றாள். ரோமுலோ சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, பிரேக்கின் சூட்டை உள்ளங்கையைக் காட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் சபீனோ.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை அது இறங்கியது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு முறையும் லியோகாதியா அவருக்கு ஆள் மூலம் ஒரு கிண்ணம் சூப் அனுப்பினாள். அவர் ஒவ்வொரு முறையும், கார்னிவல் முடிந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல் என்று சொல்லி அனுப்பினார். கார்னிவல் வந்து போனது. அந்த வருடம் ஆள் குறையவில்லை. அவர் கடைந்து வைத்த முழுக் கம்பி, எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றி, அவர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அறுபதாவது கிண்ணத்துக்குப் பிறகு அவர் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஞாயிறும் வியாழனும் சந்தைக்குப் போய், பனி படிந்த பானெட்டுகளுக்கு முன்னால் நின்றார். செவ்வாய், வியாழன், சனிகளில், வண்டி கணவாயைத் தாண்டும் நேரத்தில், எங்கே நின்றாலும், எதன்மேல் உட்கார்ந்திருந்தாலும், அவருடைய வலது கால் தரையில் ஊன்றிக்கொள்ளும். வண்டி இருபானா போய்ச் சேரும் பன்னிரண்டு மணிக்குமேல்தான் அதை எடுக்க முடிந்தது.